தாத்தாவின் ரிவால்வர் யாருக்கு?

கும்பகோணம், பாபநாசம் பக்கத்து மிராசு வீடுகளில் பாகப்பிரிவினை பேச உட்கார்ந்தால் நஞ்சை, தென்னந்தோப்பு, மனைக்கட்டு, நகை என்று பட்டியல் வழக்கம்போலப் போகும். எப்போதாவது ஒரு வீட்டில் கடைசியாக ஒரு சங்கடமான உருப்படி வந்து நிற்கும்: இரும்பு பீரோவில் துணி சுற்றி வைத்த பழைய ரிவால்வர். தாத்தா வாங்கியது. லைசென்ஸும் அவர் பெயரில்தான். தாத்தா போய்ச் சேர்ந்து வருஷமாகியிருக்கும்.

நிலம் போல இதை "பெரியவன் வச்சுக்கட்டும்" என்று வாய்வார்த்தையில் தள்ளிவிட முடியாது. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்ததும் அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "பீரோவுலதானே கெடக்கு" என்பது கோர்ட்டில் எடுபடாது.

தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் என்பதே அபூர்வ சங்கதி. 2016 இறுதியில் மத்திய உள்துறைக் கணக்குப்படி நாடு முழுக்க 33 லட்சத்துக்கு மேல் லைசென்ஸ்கள். அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12 லட்சத்தைத் தாண்டியது. தமிழ்நாட்டின் பங்கு 22 ஆயிரத்துச் சொச்சம். அங்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஒரு பெருமை (இப்போது அதற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு). இங்கே நல்லவேளையாக அந்த வேலையை அதிர்வேட்டு பார்த்துக்கொள்கிறது.

டெல்டாவில் பண்ணையார் வீட்டுத் துப்பாக்கிக்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வந்த கும்பலிடம் துப்பாக்கிகளும் இருந்தன. தப்பி ஓடியவர்களில் குண்டடி பட்டவர்கள் உண்டு. யாருக்கு ஆயுதம் கொடுக்கிறோம் என்று போலீஸ் துருவித் துருவி விசாரிப்பதை வெறும் கெடுபிடி என்று இந்த மண்ணில் சொல்லிவிட முடியாது.

வாரிசுக்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 25ஆம் விதி, இறந்தவரின் துப்பாக்கிக்கு வாரிசு ஒருவர் தன் பெயரில் லைசென்ஸ் கேட்க இடம் தருகிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாவு வரை காத்திருக்கவும் வேண்டாம்: உரிமையாளருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கி அவரிடம் வந்து 25 ஆண்டு ஆனாலோ, வாரிசுக்கு மாற்றித் தர அவரே விண்ணப்பிக்கலாம். பலருக்கும் தெரியாத சலுகை இது. பெறுபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிக்கு மேல் கூடாது.

வாரிசு அல்லாத வெளியாள் அதை விலைக்கு வாங்க நினைத்தால், முதலில் அவர் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் அதைத் தரும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். போலீஸ் விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, என்ன காரணத்துக்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க பதில், எல்லாம் கேட்பார்கள். "வயல்ல பன்னி எறங்குது" என்பது ரிவால்வருக்கு நியாயமாகாது. இருட்டில் ஓடும் பன்றியைக் கைத்துப்பாக்கியால் குறிவைப்பவர் பக்கத்து வயல்காரருக்குத்தான் ஆபத்து. தனிநபர் விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாறலாம்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் ரகம். பாயின்ட் 32, பாயின்ட் 22 ரிவால்வர்கள் சாதாரண லைசென்ஸில் அடங்கும். ராணுவத் தோட்டா போடும் பாயின்ட் 38, பாயின்ட் 455 ரகங்கள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை. தாத்தா பட்டாளத்துக்காரராக இருந்து, பீரோவில் இருப்பது அந்த ரகம் என்றால் விவகாரம் மத்திய உள்துறை வரை போகும்.

பழசுக்கு ஏன் இத்தனை கிராக்கி? தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து உள்நாட்டில் ஏற்கெனவே இருந்த வெப்லி அண்ட் ஸ்காட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எல்லாம் கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டே வந்தன. உள்நாட்டுத் தயாரிப்பில் கான்பூர் பெயர் பெற்றது. 2014இல் அங்கிருந்து வந்த 'நிர்பீக்', டைட்டானியம் கலவையால் ஆன பாயின்ட் 32. எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். டெல்லி மாணவிக்கு 2012இல் நேர்ந்த கொடுமையை நினைவூட்டும் பெயருடன், பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த விலையில் எந்தப் பெண் வாங்குவாள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிறகு மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ஆலை 250 கிராம் எடையில் 'நிடர்' என்ற பாயின்ட் 22ஐக் கொண்டுவந்தது.

எடை குறைந்தால் கையாள்வது சுலபம் என்று புதிதாக வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். தூக்குவதற்குத்தான் சுலபம். ஒரே தோட்டாவைக் கனமான ரிவால்வரில் சுட்டால் அதன் எடையே உதைப்பின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். இலேசானதில் அத்தனையும் மணிக்கட்டில் இறங்கும். குழலும் குட்டையாக இருந்தால் குறி இன்னும் தவறும்.

பழைய ரிவால்வரை வாங்குமுன் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அவர் முதலில் தோட்டா இல்லை என்று தானே திறந்து பார்ப்பார். விற்பவர் சொல்லை நம்பமாட்டார். பிறகு துப்பாக்கியின் சட்டகத்தில் பொறித்த எண்ணை லைசென்ஸில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுவார். சுத்தியலை இழுத்து நிறுத்தி உருளையை விரலால் அசைப்பார். அது தாராளமாக ஆடினால், தோட்டா அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்கவில்லை என்று பொருள். சுடும்போது ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து, திறந்த குழலின் ஒரு முனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து மறுமுனை வழியாகப் பார்ப்பார். உள்ளே முறுக்கு வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளங்கள் தெரிந்தால் துரு தின்றுவிட்டது.

டெல்டாவில் துருதான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும். அழகாக இருக்கிறதென்று தோலுறையிலேயே போட்டு வைத்தால், தோல் ஈரத்தை உறிஞ்சிவைத்து இரும்பை அரிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, உறையை விட்டு வெளியே எடுத்துப் பூட்டி வைப்பதே சரி.

தோட்டாவுக்கும் வயதாகும். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தும் அவர் பிழைத்ததற்குப் பழைய தோட்டாவின் வேகம் குறைந்திருந்ததே காரணம் என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. அது எப்படியோ, தாத்தா காலத்துத் தோட்டாக்களைத் துப்பாக்கியோடு சேர்த்து வாங்கிப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம் ஆகாது. வெடிக்காமல் போகலாம், அல்லது குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம்.

எல்லாம் முடிந்து கைக்கு வந்தாலும் தேர்தல் வந்தால் அது ஸ்டேஷனுக்குப் போக நேரும். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டு, ஜூன் 4 அன்று வாக்கு எண்ணப்பட்டது. வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்ற விலக்குப் பெற்றவர்கள் தவிர, ஒப்படைக்கச் சொல்லப்பட்டவர்களின் துப்பாக்கிகள் அத்தனை நாளும் போலீஸ் காவலில் கிடந்தன. கொடுக்கும்போது துப்பாக்கி எண்ணையும் தோட்டா எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்; திருப்பி எடுக்கும்போது கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.