ஷோபினுக்கு உண்டு, பில்போர்டுக்கு இல்லை: கே-பாப் பாடகர்களும் கட்டாய ராணுவ சேவையும்

போலந்தின் வார்சா நகரில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஷோபின் பியானோ போட்டியில் ஒரு தென்கொரிய இளைஞர் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால், அவர் துப்பாக்கி ஏந்தி ஒன்றரை ஆண்டு முகாமில் கழிக்க வேண்டியதில்லை. அவருடைய கலையையே நாட்டுக்குச் செய்த சேவையாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2015-இல் சோ சியோங்-ஜின் அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றபோது கொரியா கொண்டாடியது. 2020-இல் பிடிஎஸ் குழுவின் ‘டைனமைட்’ பாடல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. எந்தக் கொரியக் குழுவும் அதற்கு முன் தொடாத உயரம் அது. அதையும் நாடு கொண்டாடியது. ஆனால் அந்தக் குழுவின் மூத்தவரான ஜின், 30 வயது நிறைந்த ஒன்பதாம் நாள், 2022 டிசம்பர் 13 அன்று, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வடகொரிய எல்லையை ஒட்டிய யோன்சோன் பயிற்சி முகாமுக்குள் நுழைந்தார்.

ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு முகாம் என்பது நியாயமா? கே-பாப் ரசிகர்கள் பல ஆண்டுகளாக வாதாடுவது இதைப் பற்றித்தான். பிடிஎஸ் குழுவின் ஏழு பேரும் 2025 ஜூனுக்குள் சேவையை முடித்துவிட்டார்கள். ஆனாலும் விவாதம் ஓயவில்லை. செவன்டீன் போன்ற அடுத்த வரிசைக் குழுக்களிலிருந்து ஒவ்வொருவராக முகாமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1953-இல் கொரியப் போர் நின்றது போர்நிறுத்த ஒப்பந்தத்தால். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. நாட்டைக் காப்பது குடிமக்கள் எல்லாருக்கும் கடமை என்று தென்கொரிய அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கடமை உடல்தகுதியுள்ள ஆண்கள்மேல் விழுகிறது. தரைப்படையிலும் மரைன் படையிலும் 18 மாதங்கள், கடற்படையில் 20, விமானப்படையில் 21. மருத்துவப் பரிசோதனையில் களப்பணிக்குத் தகுதி குறைவு என்று தெரிந்தால் 21 மாதங்கள் அரசு அலுவலகத்திலோ சமூக நல அமைப்பிலோ வேலை பார்க்க வேண்டும். தோள்பட்டை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிடிஎஸ் பாடகர் சுகா இந்த வழியில்தான் சேவை செய்தார். பொதுவாக 28 வயதுக்குள் போய்விட வேண்டும்.

ராணுவத்தில் சேருவது அவரவர் விருப்பம் என்றிருக்கும் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 18 வயதில் மகனை தேசிய சேவைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கொரிய இளைஞர் அங்கே இழப்பது காலத்தை மட்டுமல்ல. 2017-இல் கட்டாய சேவையில் இருந்த சார்ஜன்ட்டின் மாதச் சம்பளம் 2,16,000 வோன். இன்று அது 15 லட்சம் வோனாக உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைகள் கைச்செலவுக் காசுக்குத்தான் வேலை செய்தன. 2023 ஜூலையில், வெள்ளத்தில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்காக உயிர்காப்பு அங்கி கூடத் தராமல் ஆற்றில் இறக்கப்பட்ட ஓர் இளம் மரைன் வீரர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நாடே கொதித்தது. தன் பிள்ளைக்கும் இது நேரலாம் என்ற பயம் உள்ள வீட்டில், ‘புகழ்பெற்றவருக்கு மட்டும் விலக்கு’ என்ற பேச்சு எப்படி விழும் என்பதைக் கடல் கடந்து வாழும் ரசிகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆறாத காயங்கள்

பாடகர்கள் என்றால் கொரியர்கள் கூடுதலாகக் கண்டிப்புக் காட்டுவதற்குப் பழைய காரணங்கள் உண்டு. யூ சுங்-ஜுன் 1990-களின் பிற்பகுதியில் உச்சியில் இருந்த பாடகர். ராணுவத்துக்குப் போவேன் என்று ஊரறியச் சொல்லிவந்தவர், 2002-இல் சேர வேண்டிய நேரத்தில் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். அன்று அவருக்கு மூடப்பட்ட கொரியாவின் கதவு இன்னும் திறக்கவில்லை. விசா மறுப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் வென்றார். அதன் பிறகும் விசா கிடைக்கவில்லை. ‘கங்னம் ஸ்டைல்’ புகழ் சை, தொழில்நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மாற்றுச் சேவையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று முடிவானதால், 2007-இல் மறுபடியும் படையில் சேர்ந்து இன்னொரு முறை முழுச் சேவையும் செய்தார்.

ஒரு காலத்தில் கலைஞர்களுக்கென்றே ஒரு மாற்று வழி இருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஊடகப் பிரிவில் ‘கலைஞர் வீரர்கள்’ என்று சிலரைச் சேர்த்து, படைவீரர்களுக்கான மேடைகளில் பாட வைப்பார்கள். அவர்களில் சிலர் இரவில் விருப்பம்போல் வெளியே சுற்றுவதை 2013-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. மற்ற வீரர்களைவிட அவர்களுக்கு விடுப்பு அதிகம் என்ற புகாரும் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே திட்டத்தை மூடிவிட்டார்கள். ‘முகாமில் இருந்தபடியே வெளிநாட்டில் பாடட்டுமே’ என்று இன்று சில ரசிகர்கள் முன்வைக்கும் யோசனைக்குக் கொரியர்களிடம் வரவேற்பு இல்லாததற்கு இதுதான் பின்னணி.

மறுபக்கமும் உண்டு. 2பிஎம் குழுவின் டேக்யோன் அமெரிக்காவில் நிரந்தரமாக வாழும் உரிமையை விட்டுக்கொடுத்தார். முதுகுத்தண்டு வட்டுக் கோளாறுக்குச் சிகிச்சை செய்துகொண்டு, களப்பணிக்குத் தகுதி பெற்று 2017-இல் சேர்ந்தார். கொரியாவில் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள்.

பதக்கத்தின் கணக்கு

விலக்கு எங்கிருந்து வந்தது? 1973-இல், அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியில். உலக அரங்கில் பெயர் வாங்க ஒரு வறிய நாடு தவித்த காலம். கலை, விளையாட்டு இரண்டிலும் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பவர்கள் தங்கள் துறையிலேயே தொடரட்டும் என்று விதி வகுத்தார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் கொரியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த யாங் ஜுங்-மோ இந்த விதியால் முதலில் பயனடைந்த விளையாட்டு வீரர்.

இன்றைய விதிப்படி ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமும் போதும். ஆசிய விளையாட்டில் தங்கம் வேண்டும். குறிப்பிட்ட சர்வதேசக் கலைப் போட்டிகளில் முதல் இரண்டு இடம், உள்நாட்டுப் போட்டிகளில் முதலிடம். இது முழு விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. சில வார அடிப்படைப் பயிற்சி உண்டு. 34 மாதங்கள் தன் துறையில் இருந்துகொண்டே 544 மணிநேரம் பொதுச்சேவை செய்ய வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வென்ற தங்கத்தின் பயனாக கால்பந்து வீரர் சோன் ஹியூங்-மின் 2020-இல் ஜேஜு தீவில் மரைன் முகாமில் மூன்று வாரப் பயிற்சி முடித்தார்.

ஆனால் விதியின் அளவுகோல் அவ்வப்போது வளைந்திருக்கிறது. 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன கால்பந்து அணிக்கும், 2006 உலக பேஸ்பால் போட்டியில் அரையிறுதி கண்ட அணிக்கும், பட்டியலில் இல்லாத சலுகை கொடுத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த வழியை அடைத்தார்கள். 2018 ஆசிய விளையாட்டில் தகுதி குறைந்தவர்களை விலக்குக்காகவே பேஸ்பால் அணியில் சேர்த்ததாகப் புகார் கிளம்ப, பயிற்சியாளர் சுன் டோங்-யோல் நாடாளுமன்ற விசாரணைக்கு வர நேர்ந்தது. சில வாரங்களில் பதவி விலகினார். அதே ஆண்டில் கால்பந்து வீரர் ஜாங் ஹியூன்-சூ பொதுச்சேவை செய்ததாகப் பொய்க் கணக்குக் காட்டியது வெளியாகி, தேசிய அணியில் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் தங்கம் வென்ற ஃபேக்கர் உள்ளிட்ட இளைஞர்கள் விலக்கு பெற்றார்கள். கணினி விளையாட்டு நாட்டின் பெருமை என்றால் பாட்டு ஏன் இல்லை?

2018-இலேயே இந்தக் கேள்வியை நாடாளுமன்ற உறுப்பினர் ஹா டே-குங் எழுப்பினார். செவ்வியல் இசைப் போட்டி செல்லும், பில்போர்டு செல்லாது என்றால் அது நியாயமா என்றார். கேள்வி சரியானது. ரசிகர்களின் ஆதங்கத்திலும் முழு நியாயம் இருக்கிறது. ஜனரஞ்சக இசையைத் தாழ்வாகவும் மேற்கத்தியச் செவ்வியல் இசையை உயர்வாகவும் வைக்கும் 1970-களின் பார்வை அந்தச் சட்டத்தில் அப்படியே தங்கியிருக்கிறது.

ரசிகர்கள் எங்கே பிரிகிறார்கள்?

‘ஆர்மி’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் பிடிஎஸ் ரசிகர்களிடம்கூட ஒரே குரல் இல்லை. வெளிநாட்டு ரசிகர்கள் பலர் பொருளாதாரக் கணக்கைக் காட்டினார்கள். இந்தக் குழுவால் ஆண்டுக்கு 4.14 லட்சம் கோடி வோன் அளவுக்கு உற்பத்தி பெருகுகிறது என்று ஹூண்டாய் ஆய்வு நிறுவனம் 2018-இல் மதிப்பிட்டிருந்தது. 2022 ஜூனில் குழுவாக இயங்குவதற்கு இடைவேளை என்ற செய்தி வந்ததும் அவர்களின் நிறுவனமான ஹைப்பின் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய கால்வாசி சரிந்தது. கொரிய ரசிகர்களில் பெரும்பகுதியினர் வேறு மாதிரி பேசினார்கள்: விலக்கு கேட்டு எங்கள் பிள்ளைகளின் பெயரை அரசியலில் இழுக்காதீர்கள், அவர்களே போவதாகச் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான். சேவை கடமை, அழைப்பு வந்தால் போவேன் என்று ஜின் 2020 பிப்ரவரியிலேயே செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். விலக்கு வாங்கினால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பழிச்சொல் தொடரும் என்று பயந்தவர்களும் உண்டு. யூ சுங்-ஜுன் கதை தெரிந்தவர்கள் அவர்கள்.

2022 மே மாதம் கலாசார அமைச்சர் ஹ்வாங் ஹீ மாற்றுச் சேவைக்கு ஆதரவாகப் பேசினார். ராணுவ ஆள்சேர்ப்புத் துறை தயங்கியது. கருத்துக்கணிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. அக்டோபர் 15-இல் புசானில் உலகக் கண்காட்சிக்கு ஆதரவு திரட்டும் இலவச நிகழ்ச்சியில் ஏழு பேரும் பாடினார்கள். இரண்டு நாள் கழித்து, எல்லாரும் சேவைக்குப் போகிறார்கள் என்று அவர்களின் நிறுவனம் அறிவித்தது. அரசியல்வாதிகளால் முடிவுக்குக் கொண்டுவர முடியாத விவாதத்தை அவர்களே முடித்துவைத்தார்கள்.

பில்போர்டை அளவுகோலாக்குவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஷோபின் போட்டிக்கு நடுவர்கள் உண்டு. ஒலிம்பிக்குக்குக் கடிகாரமும் அளவுநாடாவும் உண்டு. இசைத் தரவரிசைக்கு ஆல்பம் வாங்குபவரும் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்பவரும்தான் நடுவர். ‘முதலிடம் வந்தால் விலக்கு’ என்று சட்டம் சொன்னால் என்ன நடக்கும்? தங்கள் நாயகனை முகாமிலிருந்து காப்பாற்ற இளம் ரசிகைகள் கைக்காசையெல்லாம் கொட்டுவார்கள். நிறுவனங்கள் அதை வைத்தே ஆல்பம் விற்கும். பாசத்தை இப்படி விலையாக்கும் ஒரு சட்டம் வரக்கூடாது. மக்கள்தொகை குறைவதையும் சமநீதியையும் காரணம் காட்டி, 2019 நவம்பரிலேயே பாப் கலைஞர்களுக்கு விலக்கை விரிக்க அரசு மறுத்தது. 2023-இல் கொரியாவின் கருவுறுதல் விகிதம் 0.72-க்கு இறங்கியது. முகாமுக்குப் போக இளைஞர்களே குறைந்துவரும் நாட்டில் விலக்கின் வாசல் அகலப் போவதில்லை.

பதக்கம் இல்லாதவர்கள்

2020 டிசம்பர் 1-இல் நாடாளுமன்றம் ராணுவ சேவைச் சட்டத்தைத் திருத்தியது. அரசின் கலாசார விருது பெற்ற ஜனரஞ்சகக் கலைஞர்கள், கலாசார அமைச்சரின் பரிந்துரையோடு 30 வயது வரை சேவையை ஒத்திவைக்கலாம். எல்லாரும் இதை ‘பிடிஎஸ் சட்டம்’ என்றே அழைத்தார்கள். பெயர் பொருத்தமானதுதான். அந்த விருது வழக்கமாகத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும்; பிடிஎஸ் 2018-இல் விதிவிலக்காகப் பெற்றது. இருபதுகளில் இருக்கும் வேறு குழுவுக்கு அது எளிதில் எட்டுமா?

உண்மையில் அடிபடுகிறவர்கள் யாரென்று ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. பிடிஎஸ் போன்ற குழு ஒருவர் பின் ஒருவராக அனுப்பி, தனி ஆல்பங்களால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். சிறு நிறுவனத்தின் குழு என்ன செய்யும்? நியாய வர்த்தக ஆணையம் 2009-இல் வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின்படி ஒப்பந்தக் காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். பதின்வயதில் பயிற்சிக்குச் சேர்ந்து, இருபது வயதில் மேடை ஏறி, கொஞ்சம் பெயர் வரத் தொடங்கும்போது முதல் ஆள் முகாமுக்குப் போக வேண்டியிருக்கும். கடைசி ஆள் திரும்பும்போது ஒப்பந்தமும் இருக்காது, குழுவும் இருக்காது. அவர்களுக்காக எந்த அமைச்சரும் செய்தியாளர்களைக் கூட்டவில்லை.

‘மாற்றுச் சேவை’ என்பது கொரியாவில் வேறு சிலருக்கு எவ்வளவு கனமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் பல்லாண்டுகளாகச் சிறைக்குப் போய்வந்தார்கள். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2020-இலிருந்து அவர்களுக்கு மாற்றுச் சேவை உண்டு: சிறை வளாகத்திலேயே தங்கி 36 மாதங்கள். தரைப்படைச் சேவையைப் போல் இரண்டு மடங்கு. கொள்கைக்காக ஒருவர் கொடுக்கும் விலை அது. பாடகருக்கு 544 மணிநேரம் போதும் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பியானோவுக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை என்பது அநீதி. அந்த அநீதியைச் சரிசெய்ய பாட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. பதக்கச் சலுகையைப் படிப்படியாக மூடி, ஒத்திவைக்கும் உரிமையை விருது இல்லாதவர்களுக்கும் திறந்தால் போதும். எப்போது போவது என்பதைக் குழு தானே திட்டமிட முடிந்தால், திரும்பி வரும் வீரருக்கு ஒரு மேடை மிஞ்சும். அடுத்த முறை உங்கள் விருப்பக் குழுவுக்காக மனு எழுதும்போது விலக்கு கேட்காதீர்கள். ஒத்திவைப்பைக் கேளுங்கள், எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.