‘லத்தீனோ ஓட்டு’ என்றொரு கதையாடல்

2008 ஜனவரியில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலை (பிரைமரியை) நடத்திக்கொண்டிருந்தது. ஹிலாரி கிளின்டன் தரப்பின் கருத்துக்கணிப்பாளர் ஒருவர் அப்போது சொன்ன வாசகம் பெரிய சர்ச்சையைக் கிளப்பிற்று. லத்தீனோ வாக்காளர்கள் கறுப்பின வேட்பாளர்களை ஆதரிப்பதில் அவ்வளவாக விருப்பம் காட்டியதில்லை என்பது அதன் சாரம். பின்னால் நடந்ததும் அதற்கு ஏற்றாற்போலத்தான் இருந்தது. பிப்ரவரி 5இல் கலிபோர்னியாவிலும் மார்ச் 4இல் டெக்சாஸிலும் லத்தீனோக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிளின்டன் பக்கம். பழுப்புக்கும் கறுப்புக்கும் ஆகாது என்று தொலைக்காட்சிப் பண்டிதர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியுமா? அதே வருஷம் நவம்பரில், பொதுத்தேர்தலில், லத்தீனோக்களில் சுமார் 67 சதவீதம் பேர் ஒபாமாவுக்கு ஓட்டுப்போட்டார்கள். எட்டு மாதத்தில் அந்தத் துவேஷம் எங்கே போச்சு? சிகாகோவில் 1983இலேயே இது நடந்திருக்கிறது. மேயர் பதவிக்கான முன்தேர்தலில் ஹரால்ட் வாஷிங்டன் என்கிற கறுப்பினத்தவருக்கு லத்தீனோக்களிடம் கிடைத்தது சொற்ப ஓட்டு. இரண்டே மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அவர் பக்கம் நின்றார்கள்.

ஆக, முன்தேர்தல் என்பது என்ன வகைத் தேர்தல் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே எல்லோரும் ஒரே கட்சி. கொள்கை வித்தியாசம் மயிரிழைதான். கட்சியைப் பார்த்து ஓட்டுப்போடுகிற சௌகரியம் இல்லாமல் போகும்போது வாக்காளருக்கு மிஞ்சுவது பரிச்சயம்: யார் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்? ஹிலாரி 1972இலேயே மெக்கவர்னுக்காகத் தெற்கு டெக்சாஸில் வாக்காளர் பதிவுக்கு அலைந்தவர். 90களின் எட்டு வருஷ கிளின்டன் ஆட்சியின் நினைவும் கூட வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் வில்லரைகோசா அவர் பக்கம். பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான டொலோரெஸ் ஹுவெர்தாவும் அவர் பக்கம். இதில் ஒரு வேடிக்கை: ‘நம்மால் முடியும்’ என்று ஒபாமா ஊர் ஊராகச் சொன்ன கோஷம், ஹுவெர்தா 1972இல் ஸ்பானிஷில் உருவாக்கிய கோஷம். கோஷம் ஒருவரிடமும் அதைப் பெற்றவர் இன்னொருவரிடமும் இருந்தார்கள். ஒபாமாவை நேரில் அறிந்த அவருடைய சொந்த மாநிலமான இல்லினாய்ஸில் லத்தீனோ ஓட்டு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பிரிந்தது.

அப்படியானால் தலைவர்கள் கைகாட்டிய பக்கம் ஜனங்கள் போனார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் நிற்காது. நெவாடாவில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளின் சமையல், துப்புரவுத் தொழிலாளர்களுடைய பலம் வாய்ந்த சங்கம் 2008இல் ஒபாமாவை ஆதரித்தது. உறுப்பினர்களில் கணிசமானோர் லத்தீனோக்கள். ஆனால் நெவாடா லத்தீனோக்களிடம் கிளின்டனே வெகுவாக முன்னால் நின்றார். அந்த விடுதிகளுக்குள் நடந்த வாக்களிப்புக் கூட்டங்களிலும் பெரும்பாலானவற்றில் அவருக்கே வெற்றி.

இன்னொரு விளக்கம், ‘நம்மாள்’ விளக்கம். மெக்சிக்கத் தாய்க்குப் பிறந்த பில் ரிச்சர்ட்சன் 2008 ஜனவரியிலேயே விலகிவிட்டார் (அவருடைய பெயரைக் கேட்டு யாரும் லத்தீனோ என்று நினைக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்). ஹூலியன் காஸ்ட்ரோ 2020 ஜனவரியில் விலகினார். 2016 குடியரசுக் கட்சி முன்தேர்தலில் மார்க்கோ ரூபியோ தன் சொந்த மாநிலமான புளோரிடாவையே டிரம்ப்பிடம் இழந்தார். 67 கவுண்டிகளில் அவருக்குக் கிடைத்தது மயாமி-டேட் ஒன்றுதான். அங்கேதான் கியூபர்கள் அடர்த்தியாக இருக்கிறார்கள். அதாவது ‘நம்மாள்’ என்பது வேலை செய்கிறது, ஆனால் கியூபருக்குக் கியூபர் என்ற அளவில்தான். லத்தீனோவுக்கு லத்தீனோ என்ற அளவில் அல்ல.

பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறதாகப் படுகிறது. ‘ஹிஸ்பானிக்’ என்பது 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வியாயிற்று. எல்லையே தங்கள் மீது ஏறிக் கடந்துபோன மெக்சிக்கர்கள், 1917இலிருந்து குடியுரிமையுள்ள போர்ட்டோரிக்கர்கள், காஸ்ட்ரோவின் புரட்சிக்குத் தப்பி வந்த கியூபர்கள் எல்லோரையும் அரசு ஒரே கட்டத்துக்குள் போட்டது. பெயரிடுதல் என்கிற அதிகாரச் செயல்பாடு அது. பெயர் வைத்தபின் அந்தப் பெயருக்கு ஒரு மனசும் இருக்க வேண்டுமென்று கணிப்பாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். அந்த மக்களும் அதே பெயரில் அணிதிரண்டு உரிமை கேட்டிருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2020ஐப் பாருங்கள். வெர்மான்ட்காரரான யூதக் கிழவர் பெர்னி சாண்டர்ஸ் நெவாடா லத்தீனோக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் ஓட்டை வாங்கினார். முன்கூட்டியே அவர்களுடைய பேட்டைகளில் அலுவலகம் போட்டார், அங்கேயே ஆள் எடுத்தார், இளைஞர்களைக் குறிவைத்தார். அதே சாண்டர்ஸ், கியூபாவின் எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்காகப் புளோரிடாவில் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

நெவாடா சங்கத் தலைமை இந்தமுறை யாரையும் ஆதரிக்கவில்லை. ஆனால் சாண்டர்ஸின் திட்டம் வந்தால் போராடிப் பெற்ற சங்கக் காப்பீடு போய்விடும் என்று எச்சரித்தது. விடுதிகளுக்குள் நடந்த கூட்டங்களில் பலவற்றில் சாண்டர்ஸ்தான் ஜெயித்தார். அவருக்காக நின்ற உறுப்பினர்கள் சிலர் சொன்ன காரணம் இனத்தைப் பற்றியதல்ல: எனக்குக் காப்பீடு இருக்கிறது, சங்கத்துக்கு வெளியே வேலைபார்க்கும் என் குடும்பத்தாருக்கு இல்லை.