அரசு டெண்டர் சிறு பட்டறைக்கும் எட்டுமா?

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை உங்களுடையது. அரசு டெண்டரெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்று ஒதுங்கி நிற்கிறீர்களா? வேண்டாம். சிறு தொழில்களை உள்ளே கொண்டுவரவே மத்திய அரசு 2012-இல் ஒரு கொள்முதல் ஆணை பிறப்பித்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 4 சதவீதம்.

நுழைய என்ன வேண்டும்? உத்யம் பதிவு (சிறு தொழில் என்பதற்கான அரசுச் சான்று). இது இலவசம், பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தச் சலுகைகள். வாங்கி விற்பவருக்கு இல்லை.

முன்பணம் முடங்காதா? இ.எம்.டி. (விலை கொடுக்கும்போது கட்டும் பிணைத் தொகை) உங்களுக்கு விலக்கு. டெண்டர் படிவமும் இலவசம். ஆனால் சான்றை இணைக்க மறந்தால், விலை உறையைப் பிரிக்கும் முன்பே உங்களைத் தள்ளிவிடலாம்.

பெரிய கம்பெனி விலையை அடித்துவிட்டால்? 1,000 நாற்காலிக்கு டெண்டர். பெரிய கம்பெனி ஒன்றுக்கு 1,000 ரூபாய் கேட்கிறது, நீங்கள் 1,120. வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருப்பதால், நீங்களும் 1,000 ரூபாய்க்கு இறங்கி வந்தால் 250 நாற்காலி வரை உங்களுக்குக் கிடைக்கும். அந்த விலையில் கூலி கட்டுமா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். கட்டாவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

நிபந்தனை புரியவில்லை என்றால்? விலை கொடுக்கும் முன் எழுதிக் கேளுங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். "மூன்று ஆண்டு அனுபவம்" போன்ற நிபந்தனையைத் தளர்த்த அதிகாரிக்கு இடமுண்டு; ஆனால் கடைசி நாள் முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

பணம் எப்போது வரும்? பலரும் பின்வாங்குவது இந்த அச்சத்தால்தான். அச்சத்தில் நியாயமும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம்.

"சரக்கில் குறை" என்று பிறகு இழுத்தடித்தால்? 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்ற நாள். ஆகவே லாரி திரும்பும் முன் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் உள்ள டெலிவரி சலானைக் கையில் வாங்கிவிடுங்கள். புகார் வரை போனால் அந்தத் தாளில்தான் வழக்கு நிற்கும்.