கடல் சூழ் உலகம் – 9: மழையைக் குடிக்கும் மலை

அட்லாண்டிக் சமுத்திரத்துத் தீவுகளைச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டு, இந்த வாரம் கீழைக் கடலுக்கு வருகிறோம். கொரியப் பெருநிலத்தின் தென்கோடிக்கு அப்பால், ஏறக்குறைய 1,850 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தில், நடுவே 1,950 மீட்டர் உயர்ந்த ஹல்லாசான் என்னும் எரிமலையைத் தாங்கிக் கிடக்கிறது ஜேஜுத் தீவு. சோல் நகரிலிருந்து இத்தீவுக்குச் செல்லும் விமான மார்க்கமே உலகில் மிகுதியான பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் மார்க்கம். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இங்கே வந்து இறங்குகின்றனர். பங்குனியில் மஞ்சள் பூத்துக் குலுங்கும் வயல்களும், மார்கழிக் குளிரில் கிளை தாழக் காய்த்திருக்கும் ஆரஞ்சுத் தோட்டங்களும், கரும்பாறைகளுக்கிடையே ஒளிரும் வெண்மணற் கரைகளும், சுடச்சுடப் பரிமாறும் வாளை மீன் குழம்பும் ஓய்வை நாடி வருவோரின் உள்ளத்தைக் குளிர்விக்கப் போதுமானவை. அவற்றைப் பற்றி வழிகாட்டி நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அந்த அழகுகளுக்கெல்லாம் அடியிலே கிடக்கும் கல்லைப் பற்றியும், அந்தக் கல் ஒரு ஜனசமூகத்தின் வாழ்வை எவ்விதம் வகுத்தது என்பதைப் பற்றியுமே நான் எழுத விரும்புகிறேன்.

ஜேஜு முழுவதும் அக்கினியின் சிருஷ்டி. ஹல்லாசானும், தீவெங்கும் சிதறிக் கிடக்கும் முந்நூற்றறுபதுக்கும் மேற்பட்ட சிறு எரிமலைக் குன்றுகளும் பல்லாயிரம் தலைமுறைக் காலமாகக் கக்கிய தீக்குழம்பு குளிர்ந்து இறுகியபோது, அதனுள் அடைபட்டிருந்த ஆவி வெளியேறிய துவாரங்கள் அப்படியே நிலைத்துவிட்டமையால், இத்தீவின் கல் தேனடையைப்போல் துளைபட்டிருக்கிறது. கொரிய தேசத்திலேயே மழை மிகுந்த இடங்களுள் இது ஒன்று. ஆயினும் பெய்த மழையெல்லாம் துளைகளின் வழியாகவும் வெடிப்புகளின் வழியாகவும் பூமிக்குள் இறங்கிவிடுவதால், பெரும்பாலான ஆறுகள் பெருமழை நாட்களில் மட்டும் ஓடி, மற்றைக் காலத்தில் வறண்ட கற்படுகைகளாகக் கிடக்கின்றன. நன்செய் மிக அரிது. வாற்கோதுமையும் தினையுமே அன்றாட ஆகாரமாக இருக்க, நெற்சோறு முன்னோர்க்குப் படைக்கும் நாளுக்கு உரிய பொருளாகப் பல நூற்றாண்டுகள் இருந்து வந்தது.

பூமிக்குள் மறைந்த அந்நீர் நெடுந்தூரம் சென்று, கடற்கரையை அடைந்ததும் ஊற்றாகப் பீறிட்டு வெளிப்படுகிறது. ஊற்று உள்ள இடத்திலேதான் ஊர் எழுந்தது. ஆகவே தீவின் பெரிய கிராமங்கள் பெரும்பாலும் கடலோரமாகவே அமைந்தன. ஊற்றுகளிற் சில ஓதம் ஏறும்போது உப்புநீரில் மூழ்கிப்போகும். நீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் கரைக்குச் சென்று, மட்குடத்தைக் கூடையில் வைத்து முதுகோடு கட்டிச் சுமந்து வந்தனர். ஓயாது வீசும் காற்றிலும், கால் இடறும் கற்பாதையிலும், தலைச்சுமை நிலைகொள்ளாது என்பதே இந்த வழக்கத்துக்குக் காரணம். குழாய்நீர் பரவலாக வருமுன் இத்தீவிற் பிறந்த பெண் குழந்தை ஒவ்வொன்றும் சிறு குடத்தோடு தன் உழைப்பைத் தொடங்கியது என்பதை நினைக்குங்கால், அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கும் அக்குடங்களை வெறும் மட்பாண்டமாகப் பார்க்க மனம் வருவதில்லை.

உழவர் நிலத்தைக் கிளறும்போது கிடைத்த கற்களைச் சாந்தின்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வயல்வரப்புச் சுவர் எழுப்பினர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விட்ட இடைவெளியில் காற்று புகுந்து வெளியேறுவதால், சூறாவளியிலும் சுவர் சாய்வதில்லை, பயிரும் பிழைக்கிறது. இச்சுவர்களையெல்லாம் தொடுத்துப் பார்த்தால் 22,000 கிலோமீட்டர் நீளும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2014-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை ஸ்தாபனம் இவற்றை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. வீட்டு முகப்பிலோ கதவு கிடையாது. துளையிட்ட இரு கற்றூண்களுக்கிடையே மூன்று மரக்கழிகளைச் செருகும் வழக்கமே உண்டு. மூன்றும் கிடந்தால் வீட்டார் நெடுந்தூரம் போயிருக்கிறார். ஒன்று மட்டும் கிடந்தால் சற்று நேரத்தில் திரும்புவார். ஒன்றுமே இல்லையெனில் உள்ளே வரலாம். அயலாரின் நேர்மையை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கே இத்தகைய வாயில் போதுமானதாக இருந்திருக்க முடியும்.

நிலம் தராததைக் கடலில் தேடியவர்கள் பெண்கள். ஹேன்யோ எனப்படும் இம்மூழ்குநர் சுவாசக் கருவி ஏதுமின்றி, பத்து மீட்டர் ஆழம் வரையில் இறங்கி, ஒவ்வொரு முழுக்கிலும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சையடக்கி, அபலோன் என்னும் விலையுயர்ந்த சிப்பியையும், கடல் நத்தையையும், கடற்பாசியையும் சேகரிக்கின்றனர். நீர்மேல் தலை தூக்கியதும், அடக்கிய மூச்சு சீழ்க்கையொலியாக வெளிப்படுகிறது. குளிரில் விறைத்துக் கரையேறியவர்கள் கல்லாலான வட்டச் சுவருக்குள் தீ மூட்டிக் குளிர்காய்ந்தனர். ஊர்க் காரியங்களையும், இளையவர்க்குக் கற்றுத்தர வேண்டியவற்றையும் அத்தீயின் அருகிலேயே பேசி முடித்தனர். இவர்களது தொழில் தர்மம் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. கரையோரத்து ஆழமற்ற கடற்பகுதியை முதிய கிழவிகளுக்கென்றே ஒதுக்கி வைத்து, திடகாத்திரமுள்ளோர் அங்கே மூழ்குவதைத் தவிர்த்த கிராமங்கள் உண்டு. 1950-களில் ஓன்ப்யோங் என்னும் கிராமத்துப் பெண்கள், கடலின் ஒரு பகுதியில் எடுத்த பாசியை விற்ற பணத்தையெல்லாம் கொடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். அவர்கள் புகழைக் கூறும் நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. 1932-இல், ஜப்பானிய ஆட்சியில் தங்கள் உழைப்புக்கு உரிய விலை கிட்டாதபோது, ஹாதோ முதலிய கிராமங்களின் ஹேன்யோக்கள் கடலுக்குக் கொண்டுசெல்லும் கருவிகளையே கையிலேந்தி வீதிக்கு வந்தனர். அந்த ஹாதோவிலேதான் இன்று ஹேன்யோ அருங்காட்சியகம் இருக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ இக்கலாசாரத்தை மானிடத்தின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1960-களில் இருபதாயிரத்தைக் கடந்திருந்த இவர்கள் தொகை இப்போது மூவாயிரத்துக்கும் குறைந்துவிட்டது. அவர்களிலும் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

இன்று உலகத்தார் விரும்பி வரும் இத்தீவிலிருந்து, 1629 முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலம், அரசின் அனுமதியின்றி எவரும் வெளியேறக்கூடாது என்ற தடை இருந்தது. அக்காலத்தில் வாழ்ந்த கிம் மன்தோக் என்னும் மாது, இளமையில் பெற்றோரை இழந்து, பின் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1795-ஆம் ஆண்டை ஒட்டிய கொடிய பஞ்சத்தில் தம் செல்வத்தைக் கொண்டு பெருநிலத்திலிருந்து தானியம் தருவித்துப் பட்டினி கிடந்தோரைக் காப்பாற்றினார். என்ன பரிசு வேண்டும் என்று ஜோங்ஜோ மன்னன் வினவியபோது, பொன்னும் பதவியும் கேளாமல், தலைநகரையும் கும்காங் மலையையும் ஒருமுறை கண்ணாரக் காணவேண்டும் என்றே அவர் வேண்டினார். தடையைக் கடந்து கண்டும் வந்தார். பிரயாணத்தின் அருமையை அவரைக் காட்டிலும் உணர்ந்தவர் யார்?

தீக்குழம்பு ஓடிய வழிகள் குகைகளாகவும் நிலைத்தன. அவற்றுட் புகழ்பெற்ற மன்ஜாங் குகை ஏழு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. 1946-இல் பூ ஜோங்ஹ்யூ என்னும் பள்ளி ஆசிரியர், தம் சிறு மாணாக்கர்களோடு தீப்பந்தம் ஏந்திச் சென்று அதை ஆராய்ந்து உலகுக்கு வெளிப்படுத்தினார். 2007-இல் ஹல்லாசானோடும் ஸோங்சான் என்னும் கடலோரச் சிகரத்தோடும் சேர்ந்து இக்குகைத் தொகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அந்த மாணாக்கர்கள் குகை கண்டு மகிழ்ந்த இரண்டே ஆண்டுகளில், இத்தீவின் மக்கள் உயிருக்கு அஞ்சிக் குகைகளில் ஒளிய நேர்ந்தது. கொரியாவைப் பிளக்கும் தனித் தேர்தலை எதிர்த்து 1948 ஏப்ரல் 3-இல் மூண்ட கிளர்ச்சியை அடக்கப் புகுந்த அரசுப் படை, கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நடமாடுவோரைச் சத்துருக்களாகக் கருதிச் சுடுவதாக அக்டோபரில் பிரகடனம் செய்து, மலையடிவாரக் கிராமங்களைத் தீக்கிரையாக்கியது. 1954 வரையில் நீடித்த அந்தக் கொடுமையில் மடிந்தோர் இருபத்தையாயிரத்திலிருந்து முப்பதினாயிரம் வரையிலிருக்கும். அதாவது தீவின் ஜனத்தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. தராங்ஷி என்னும் குகையில் ஒளிந்திருந்த பதினொருவர், வாயிலில் மூட்டிய தீயின் புகையால் மாண்டனர். அவர்களுள் பெண்களும் ஒரு சிறுவனும் இருந்தனர். அவர்களுடைய எலும்புகள் 1992-இல்தான் உலகறிய வெளிப்பட்டன. பிரயாணிகள் வந்திறங்கும் விமான நிலையத்தின் நிலத்தடியிலிருந்தே, 2007 முதல் 2009 வரை நடந்த அகழ்வில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இதைப் பற்றி வாய்திறப்பதே குற்றமாக இருந்த காலம் நெடியது. 1978-இல் இதைக் கதையாக எழுதிய ஹ்யோன் கி-யோங் கைதாகித் துன்புறுத்தப்பட்டார். 2003-இல்தான் ஜனாதிபதி ரோ மூ-ஹ்யூன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். நோபல் பரிசு பெற்ற ஹான் காங் 2021-இல் வெளியிட்ட நாவலும் இத்துயரத்தையே பொருளாகக் கொண்டது.

கடற்கரையில் களித்திருக்க வந்தவரிடம் இதையெல்லாம் சொல்வது தகுமா என்று சிலர் கேட்கலாம். தகும் என்பதே என் துணிபு. விருந்தினராக ஒரு வீட்டுக்குள் செல்பவர் அவ்வீட்டாரின் துக்கத்தை விசாரியாமல் விருந்தை மட்டும் உண்டு திரும்புவது நம் மரபன்று. ஆகவே, ஜேஜுவுக்குச் செல்லும் பாக்கியம் வாய்க்கும் அன்பர்கள், ஹாதோவின் அருங்காட்சியகத்தில் ஒரு காலைப்பொழுதையும், ஜேஜு நகரை அடுத்த போங்கே என்னுமிடத்தில் 2008-இல் திறந்த சமாதானப் பூங்காவில் ஒரு முழு நாளையும் கழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்குள்ள நினைவு மண்டபத்தைக் காணக் கட்டணம் ஏதுமில்லை.