எல்சாட் தேர்வில் 180க்கு 180: எல்லா கேள்விக்கும் சரியாக பதில் சொல்லணுமா? முழு மதிப்பெண் எதற்கு உதவும்?

அமெரிக்காவில் வக்கீல் ஆக வேண்டும் என்றால் முதலில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜேடி எனப்படும் மூன்றாண்டு சட்டப் படிப்பு. அதில் சேர விரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் எழுதுவது எல்சாட் நுழைவுத் தேர்வு. 1948ல் தொடங்கிய இந்தத் தேர்வை எல்எஸ்ஏசி என்ற அமைப்பு நடத்துகிறது.

இதில் அதிகபட்ச மதிப்பெண் 180. குறைந்தபட்சம் 120. ஒரு கேள்விக்குக்கூட சரியாக விடை சொல்லாதவருக்கும் 120 கிடைத்துவிடும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். பாதிப் பேர் 150ஐ ஒட்டிய மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. 180 எடுப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர், இருவர்தான். 2001ல் வெளியான 'லீகலி பிளாண்ட்' ஹாலிவுட் படத்தில் ஹார்வர்டுக்குப் போகும் கதாநாயகிக்கே 179தான் கொடுத்திருந்தார்கள்.

ஒரு கேள்வி கூட தப்பாகக் கூடாதா?

அப்படி இல்லை. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எல்சாட்டில் எத்தனை கேள்விக்கு சரியாக பதில் சொன்னீர்கள் என்பது ஒரு எண். அதை 120 முதல் 180 வரையிலான அளவுகோலுக்கு மாற்றித்தான் மதிப்பெண் தருகிறார்கள். ஒவ்வொரு தேர்வின் கேள்வித்தாளும் ஒரே அளவு கடினமாக இருக்காது. கஷ்டமான தாள் வந்தவர் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக இந்த மாற்றம். அதனால் பல தாள்களில் ஒன்றிரண்டு கேள்விகள் தவறினாலும் 180 வந்துவிடும். சுலபமான தாள் என்றால் ஒரு தவறிலேயே 179க்கு இறங்கவும் வாய்ப்பு உண்டு.

நெகட்டிவ் மார்க் கிடையாது. தெரியாத கேள்வியைக் காலியாக விடுவதில் எந்த லாபமும் இல்லை.

கேள்வி சட்டத்தைப் பற்றியதா?

சட்டப் பிரிவு, அரசியலமைப்பு, பொது அறிவு எதுவும் கேட்க மாட்டார்கள். நம்ம ஊர் கிளாட் தேர்வு போல நடப்பு நிகழ்வுகளும் இல்லை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். இரண்டு பகுதிகள் தர்க்கம், ஒன்று வாசித்துப் புரிந்துகொள்வது. நான்காவது பகுதி, எதிர்காலத் தேர்வுகளுக்கான கேள்விகளைச் சோதித்துப் பார்க்க வைப்பது. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் நான்கில் எது அந்தப் பகுதி என்று எழுதுபவருக்குத் தெரியாது!

'லாஜிக் கேம்ஸ்' என்று பிரபலமான புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் முதல் இல்லை. யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்ற மாதிரியான கேள்விகள் அவை. படம் வரைந்துதான் அதை வேகமாகப் போட முடியும்; பார்வையற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு வழக்கு தொடரப்பட்டு, 2019ல் சமரசம் ஆனது. அதன் தொடர்ச்சிதான் இந்த நீக்கம். பயிற்சியால் மதிப்பெண்ணை வேகமாக ஏற்றக்கூடிய பகுதி என்று பெயர் வாங்கியிருந்ததும் அதுதான். இப்போது 180ஐ நோக்கிப் போகிறவருக்கு மிச்சம் இருப்பது தர்க்கமும் வாசிப்பும் மட்டுமே.

அந்தத் தர்க்கக் கேள்வி எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் பார்க்கலாம். 'நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறக்க ஆரம்பித்த பிறகு மாதாந்திர வருகை கூடியிருக்கிறது. ஆகவே இந்த மாற்றம் புது வாசகர்களை இழுத்திருக்கிறது.' இந்த வாதம் நிற்க எந்த அனுமானம் அவசியம் என்று கேட்பார்கள்.

ஒரு விடை: ஞாயிறு திறக்காத நூலகங்களுக்குப் புது வாசகர்கள் வருவதே இல்லை. இன்னொரு விடை: கூடுதலான வருகை முழுவதும் பழைய வாசகர்களுடையது அல்ல.

முதல் விடை வாதத்துக்கு பலமாகத் தெரியும். அவசரத்தில் பலர் அதைத்தான் டிக் செய்வார்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. விடையை அப்படியே தலைகீழாக மாற்றிப் பாருங்கள். ஞாயிறு மூடியிருக்கும் ஏதோ ஒரு நூலகத்துக்கும் புது வாசகர்கள் வருகிறார்கள் என்று வைத்தால், வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூடுதல் வருகை முழுக்க பழைய ஆட்கள்தான் என்றால், வாதம் அங்கேயே விழுந்துவிடும். அதனால் சரியான விடை இரண்டாவது.

இது ஒரு கேள்வி. இதற்கு ஐந்து விடைகள் தருவார்கள், சராசரியாக ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. 170 எடுப்பவருக்கும் இந்த வழி தெரியும். முழு மதிப்பெண் எடுப்பவர் தேர்வின் கடைசி நிமிடத்திலும் அதை விடாமல் செய்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

எப்படித் தயாராகிறார்கள்?

பழைய எல்சாட் கேள்வித்தாள்கள் எல்எஸ்ஏசியின் 'லாஹப்' தளத்தில் கிடைக்கின்றன. சில இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம். எத்தனை தாள் போட்டோம் என்பதைவிட, போட்ட தாளை எப்படித் திரும்பப் பார்த்தோம் என்பதுதான் முக்கியம்.

இதற்கு 'பிளைண்ட் ரிவ்யூ' என்று ஒரு முறை இருக்கிறது. நேரம் வைத்து தாளை எழுதி முடிக்க வேண்டும். விடைகளைப் பார்க்காமல், சந்தேகம் இருந்த கேள்விகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மீண்டும் போட வேண்டும். அதன் பிறகே விடை சரிபார்ப்பு. இரண்டாவது முறை சரியாக வந்தால் பிரச்னை வேகத்தில். அப்போதும் தப்பு என்றால் புரிதலிலேயே கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நூறு தாள் போட்டாலும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கும்.

இன்னொரு விஷயம். எந்தத் தேர்விலும் போல இதிலும் அளவீட்டுப் பிழை உண்டு. ஒருவரின் மதிப்பெண் மேலே கீழே மூன்று வரை மாறலாம் என்று எல்எஸ்ஏசியே ஒரு வரம்பைக் குறிப்பிடுகிறது. அதாவது 177 எடுத்தவருக்கும் 180 எடுத்தவருக்கும் இடையே திறமையில் வித்தியாசம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

180 எடுத்தால் ஹார்வர்டு நிச்சயமா?

இல்லை. ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் சேரும் மாணவர்களின் நடு மதிப்பெண் சமீப ஆண்டுகளில் 174, 175ஐ ஒட்டியே இருக்கிறது. அங்கே 180 பெரிய அதிசயம் இல்லை. பட்டப்படிப்பு ஜிபிஏ, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம் எல்லாம் பார்ப்பார்கள். 180 இருந்தும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு.

பணத்திலும் ஒரு திருப்பம் இருக்கு. பெரிய சட்டக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல். ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு மூன்றும் குடும்ப வருமானம் பார்த்து உதவி தருகின்றனவே தவிர, மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆக 180க்கு உண்மையான விலை கிடைப்பது அவற்றுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் கல்லூரிகளில்தான். அவை தங்கள் நடு மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள, அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு கட்டணத்தில் பெரும்பகுதியை, சில நேரம் முழுவதையும் தள்ளுபடி செய்கின்றன. மூன்றாண்டு கடன் இல்லாமல் படிப்பதா, பெரிய பெயருக்காக இரண்டு லட்சம் டாலர் கடன் வாங்குவதா என்ற கேள்வி மாணவர் முன்னால் வந்து நிற்பது இதனால்தான்.

கல்லூரிகள் ஏன் இந்த எண்ணைத் துரத்துகின்றன? தரவரிசைப் பட்டியல்களில் அதற்கு மதிப்பு உண்டு. இந்தத் துரத்தல் எவ்வளவு தூரம் போனது என்றால், மாணவர்களின் எல்சாட், ஜிபிஏ விவரங்களைத் திரித்துக் காட்டியதற்காக இலினாய் பல்கலைக்கழக சட்டக் கல்லூரிக்கு 2012ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதிக மதிப்பெண் மீது இன்னொரு பக்கமும் நிழல் விழுந்திருக்கிறது. கேள்விகள் திருடப்படுவதாக வந்த புகார்களை அடுத்து, சீனாவில் ஆன்லைன் எல்சாட்டை நிறுத்துவதாக 2025 ஆகஸ்டில் எல்எஸ்ஏசி அறிவித்தது.

இந்திய மாணவர்களுக்கு இது தேவையா?

இங்கே எல்எல்பி முடித்துவிட்டு அமெரிக்காவில் ஓராண்டு எல்எல்எம் படிக்கப் போகிறவர்களுக்கு எல்சாட் தேவையில்லை. ஜேடி படிப்புக்குத்தான் இது. அதற்கும் இப்போது பல கல்லூரிகள் ஜிஆர்இ மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஹார்வர்டு 2017லேயே அதை அறிவித்துவிட்டது.

எல்சாட்டை வாழ்நாளில் ஏழு முறை வரை எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதினால் பெரும்பாலான கல்லூரிகள் அதிகபட்ச மதிப்பெண்ணையே கணக்கில் எடுக்கின்றன. 180 எடுத்துவிட்டவருக்கு மட்டும், அந்த மதிப்பெண் செல்லுபடியாகும் ஆண்டுகள் முடியும்வரை மறுபடி தேர்வு எழுத அனுமதி இல்லை.