சிறு புண்ணும் பெரு நாசமும்

கம்பம் ஏறி உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டும் பிழைத்து வந்த தொழிலாளி ஒருவனுடைய உள்ளங்கையில் நாலணா அளவில் கருகிய புண் ஒன்றும், குதிகாலில் அதைப் போன்ற மற்றொன்றும் மாத்திரம் தென்படும்போது, தெய்வாதீனமாக இவ்வளவோடு போயிற்றே என்று உறவினர் ஆறுதல் கொள்வது இயல்பே. ஆனால் தீக்காயச் சிகிச்சையில் தேர்ந்த வைத்தியர் அவ்விரு புண்களைக் கண்டு நிம்மதி அடைவதில்லை. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி நெடுகிலும் மின்சாரம் செய்து சென்ற நாசத்தைத் தோல் மூடி மறைத்திருக்கிறது என்பதை அவர் அறிவார்.

1,000 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர் மின்னழுத்தம் என்று வைத்திய நூல்கள் வகுக்கின்றன. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வயல்வெளிகளின் மீது செல்லும் கம்பிகள் பலவற்றில் நிலவுவதோ 11,000 வோல்ட். உலர்ந்த தோல் வீட்டு மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிற்கும். இந்தப் பேரழுத்தத்தின் முன்னே அத்தடை கணத்தில் தகர்ந்துபோக, உப்பும் நீரும் நிறைந்த தேகத்தின் உட்பகுதி வழியே மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. பாயும் மின்னோட்டம் இரட்டித்தால் அதனால் விளையும் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்று 1840-களில் ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தாரல்லவா? மின் அடுப்பில் சோறு வேகச் செய்யும் அதே நியதிதான் இங்கே மனிதனுடைய தசையை வேகவைக்கிறது. விசாலமான மார்பில் பரவலாகச் செல்லும் மின்சாரம் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் நெருங்கிச் செல்ல நேர்வதால் அங்கே சேதம் அதிகம். மேல் தசை நலமாகத் தோன்ற, எலும்பை ஒட்டிய ஆழ்ந்த தசை வெந்து கிடப்பதும் உண்டு.

ஆகவே இச்சிகிச்சை முழுவதும் கண்ணுக்குத் தெரியாததைத் தேடிச் செல்லும் சிகிச்சையாகவே அமைகிறது. ஹிருதயத்தின் துடிப்பு தாளம் தவறியிருக்கிறதா என்று முதலில் மின் வரைபடம் எடுத்துப் பார்க்கிறார்கள். கம்பத்திலிருந்து விழுந்ததால் முதுகெலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பரீக்ஷிக்கிறார்கள். சாதாரணத் தீக்காயத்தில், வெந்த தோலின் பரப்பைக் கணக்கிட்டு, ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவை நிர்ணயிப்பார்கள். இங்கே அக்கணக்கு உதவாது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரைத் தேநீரின் நிறத்துக்கு மாற்றி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்கும். அதனால், வயது வந்தவருக்கு மணிக்கு 75 முதல் 100 மில்லி லிட்டர் வரை சிறுநீர் பிரியும்படி திரவத்தைத் தாராளமாக ஏற்றி, அதன் நிறம் தெளியும் வரை காத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே, வெந்த தசை வீங்குகிறது. அதனைப் போர்த்திய உறையோ விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே இறுக்கம் மிகுந்து ரத்த ஓட்டம் நின்றுபோகுமுன், அவ்வுறையை நெடுகக் கீறித் திறந்துவிடுவது அவயவத்தைக் காப்பாற்றும் அவசரச் சத்திர சிகிச்சை. பின்னர் சில நாட்கள் வரை, இறந்த தசையை மீண்டும் மீண்டும் பார்த்து அகற்றி, உயிருள்ள பகுதியின் மீது தோலும் தசையும் ஒட்டுகிறார்கள். இவ்வளவு செய்தும் கையையோ காலையோ துண்டிக்க நேர்வது இவ்வகைக் காயத்தில் அரிதன்று.

மின்சாரம் தாக்கி நின்றுபோன ஹிருதயத்தை மீட்கும் வித்தைக்கும் மின்கம்பித் தொழிலாளர்களின் துயரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவர்களுடைய மரணங்களைக் கண்டு கவலையுற்ற அமெரிக்க மின் நிறுவனங்களின் உதவியோடு ஆராய்ந்த வில்லியம் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய இருவருடன் சேர்ந்து, மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்று 1960-இல் வெளியிட்டார். இன்று எந்த வீதியிலும் எவரும் செய்யத்தக்க முதலுதவி அது. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே அதற்கு முற்பட வேண்டும். உலர்ந்த கட்டையால் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் உயர் அழுத்தக் கம்பியிடம் செல்லாது, அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றிய தரையும் அபாயகரமானதே.

தோலுக்கு அடியில் ஒளிந்த இத்தீங்கு காலத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். புண் ஆறி வீடு திரும்பிய மனிதனுக்கு மாதங்கள் கழித்துக் கண்ணில் புரை படரலாம். கைகால்களில் மரத்தலும் எரிச்சலும் தோன்றலாம். உறக்கத்தில் அந்தக் கணம் திரும்பத் திரும்ப வந்து அச்சுறுத்தலாம். ஆதலால் தழும்பு காய்ந்ததும் சிகிச்சை முடிந்தது என்று கருதுவது தவறு. செயற்கைக் கையும், உடற்பயிற்சியும், கண் பரிசோதனையும், மனத்துக்குத் தேறுதலும், இயன்ற ஒரு தொழிலும் அவனுக்குக் கிடைக்க வேண்டும். நம் வீட்டில் விளக்கு எரியும்பொருட்டுக் கம்பம் ஏறியவன் அவன். அந்த வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு அவனிடம் தீராக் கடன் உண்டு.