சுமையும் அச்சும்: பணியிடத்தில் மன அழுத்தம்

பெங்களூரில், பிழைப்பு நாடி வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி அல்சூர். அங்குள்ள ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் திருவள்ளுவர் சிலை திறந்து வைக்கப்பட்டது. ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வண்டியைக் காட்டுகிறார். ஏற்றப்படுவது மயிலிறகே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. அரசனுக்குக் கூறப்பட்ட அந்த எச்சரிக்கை, இன்றைய அலுவலகத்திற்கும் தொழிற்கூடத்திற்கும் பொருந்துவதாகும்.

அழுத்தம் உண்டாகும் விதம்

மாதக் கடைசியில் கணக்கை முடிக்க வேண்டிய எழுத்தர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நெருக்கடி வந்ததும் அவர் உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன. நாடித் துடிப்பு விரைகிறது. கவனம் கூர்மை அடைகிறது. வேலை முடிந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்புமானால் இதனால் தீங்கில்லை. ஒரு நெருக்கடி தீருமுன் மற்றொன்று வந்து, ஓய்வே இல்லாமற் போகும்போதுதான் கேடு தொடங்குகிறது.

வேலையின் மிகுதி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. பொறுப்பு அதிகமாகவும், அதனை நிறைவேற்றும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் உள்ள பணிகளிலேயே அழுத்தம் மிகுதி என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் விளக்கினார். எனவே உயர் அதிகாரியைவிட, அவருடைய ஆணைக்குக் காத்திருக்கும் கடைநிலை ஊழியர் அதிகம் தளர்வதில் வியப்பில்லை.

அறிகுறிகள்

உறக்கம் கெடுதல், அடிக்கடி தலைவலி, கழுத்து வலி, சிறு சொல்லுக்கும் சினம், மறதி, வழக்கத்திற்கு மாறான பிழைகள், அடிக்கடி விடுப்பு, புகையிலையையோ மதுவையோ மேலும் நாடுதல் ஆகியவை முன்னறிவிப்புகள். இவை சோம்பலின் அடையாளங்களாகத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. தீராத பணியழுத்தத்தால் விளையும் தளர்ச்சிக்கு மூன்று கூறுகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது: ஆற்றல் வற்றிய உணர்வு, வேலையில் வெறுப்பு, செயல்திறன் குறைவு. இதனை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. பணியோடு தொடர்புடைய நிலை என்றே குறிப்பிட்டது. ஆகவே பரிகாரமும் பணியிடத்திலேயே தொடங்க வேண்டும்.

சீர்செய்யும் வழிகள்

தனி மனிதர் செய்யத்தக்கவை சில உண்டு. வேலைகளை முதன்மை வரிசையில் அமைத்தல், முறையான உறக்கம், நாள்தோறும் நடைப்பயிற்சி, இயலாததை உரிய காலத்தில் மேலதிகாரியிடம் எடுத்துரைத்தல் ஆகியவை நலம் பயக்கும். ஆயினும் அச்சை மட்டும் வலுப்படுத்திச் சுமையைக் குறைக்காமல் விடுவது பாதித் தீர்வே.

வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வார வேலைக்கு 48 மணி என வரம்பு கட்டியது. அந்த மணிகளுக்குள் எவ்வளவு வேலையைத் திணிப்பது என்பதற்கு வரம்பு காண வேண்டியவர் நிர்வாகி. ஆளுக்கேற்ற வேலைப் பங்கீடு, தெளிவான ஆணை, ஊழியர் கருத்துக்கு இடம், தடையற்ற இடைவேளை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

உதவி கிடைக்கும் இடம்

அறிகுறிகள் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. அதே பெங்களூரில் 1974இல் உருவான தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முதன்மை நிலையங்களுள் ஒன்று. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அச்சு முறிந்தபின் வண்டியை நொந்து பயனில்லை. ஏற்றும்போதே எடை பார்ப்பது ஏற்றுவோரின் கடமை. பாரம் மிகுந்தால் வாய்திறந்து சொல்வது சுமப்போரின் உரிமை.